தானாக மூடிக்கொள்ளும் கதவு

நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் ஆய்வாளராக இருந்த அவருக்கு 'அரையிஞ்சு மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

வீடுகளில் கட்டும் நீச்சல் குளங்களுக்குப் பாதுகாப்பு வேலி ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் குளத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட விட முடியாது. வேலி நாலடி உயரம் இருக்க வேண்டும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் தலை நுழையக் கூடாது. காலை வைத்து ஏறத் தோதாகப் பக்கத்தில் பூந்தொட்டியோ ஸ்டூலோ கிடக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். திறந்து கையை எடுத்தால் அது தானாகவே வந்து மூடி, தானாகவே கொக்கியில் விழ வேண்டும். அகலத் திறந்து விட்டாலும் சரி, விரலளவு திறந்து விட்டாலும் சரி. இதில் எது அரை இஞ்ச் பிசகினாலும் தாளில் சிவப்பு மையால் 'மறு ஆய்வு' என்று எழுதிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வந்துவிடுவார். "என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பக்கூட நான் இவ்வளவு நோண்டல" என்று ஒரு பல் டாக்டர் புலம்பியதை அலுவலகத்தில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மேசைக்கு ஒரு மனு வந்தது. வீட்டிலுள்ள நீச்சல் குளத்தை மண் போட்டு நிரந்தரமாக மூட அனுமதி வேண்டும் என்று. காரணம் கேட்கும் கட்டத்தில், 'இனித் தேவையில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. விலாசத்தைப் படித்ததும் தாளைக் கீழே வைத்தார். குவளைத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு மறுபடி படித்தார். அதே விலாசம்தான்.

அந்த வீட்டுக்கு அவர் மூன்று தடவை போயிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஐந்து வயதில் ஒரே பெண் குழந்தை. தண்ணீரைக் கண்டால் விடாது என்பதால் அப்பன் அவளைத் 'தவளை' என்றுதான் கூப்பிடுவான். அவளுக்காகவே வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு குளம். பாதிக்குமேல் அவனே தோண்டியது. முதல் தடவை வேலி உயரம் போதவில்லை; தரையில் கல் பாவியதில் குறைந்துவிட்டது. இரண்டாம் தடவை வேலியை ஒட்டி மோட்டார் பெட்டி. ஒரு குழந்தை அதில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் குதித்துவிடலாம். மூன்றாம் தடவை போனபோது, நீச்சல் உடையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு குழந்தை வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஆன்ட்டி, எங்க குளம் ரெண்டு தடவை ஃபெயிலாமே. இன்னைக்காவது பாஸ் பண்ணுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயரம் சரி. இடைவெளி சரி. மோட்டார் பெட்டியை நகர்த்தியிருந்தார்கள். கடைசியில் கதவு. அகலத் திறந்து விட்டார், மூடியது. பாதி திறந்து விட்டார், மூடியது. விரலளவு திறந்து விட்டார். கதவு கொக்கியைத் தொட்டு அப்படியே நின்றுவிட்டது. மறுபடி விட்டார். மறுபடி நின்றது.

குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறை தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. மறு ஆய்வுக்கு அடுத்த தேதி கொடுத்தால் விடுமுறையே முடிந்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, "சரி போ, பாஸ்" என்றார். குழந்தை குதித்தாள். தாளில் கதவுக்கு நேரே இருந்த கட்டத்தில் அவர் டிக் அடித்தார். அடித்துவிட்டு அப்பாவிடம் தணிந்த குரலில், "கீல்ல இருக்கிற ஸ்பிரிங்கை ஒரு சுத்து இறுக்கிடுங்க. நாளைக்கே செஞ்சிடுங்க" என்றார்.

"லிஃப்ட்டுக் கதவையே மூட வைக்கிறேன் மேடம், இது என்ன பெரிய விஷயம்" என்றான் அவன்.

பத்தொன்பதாம் நாள் குழந்தை அந்தக் குளத்தில் இறந்துபோனாள்.

விசாரணையில் அவரிடம் எழுத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: ஆய்வு நாளன்று கதவு விதிப்படி இருந்ததா? கேள்வித்தாளை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தார். அதற்குள் போலீஸ் அறிக்கை வந்தது. சம்பவத்துக்கு மறுநாள் கதவைப் பத்து தடவை சோதித்தோம், பத்து தடவையும் தானாக மூடியது என்று அதில் இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது. சொன்னபடி மறுநாளே ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கிறான், நாம் செய்த தவறு ஒரு நாள் தவறுதான், அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு, 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் போலீஸ் அறிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் பதினாலு மாதம் தூங்கினார்.

இப்போது குளத்தை மூடுவதற்கு முன்னால் அதே வீட்டை அவர்தான் பார்வையிட வேண்டும். வேறு ஆளை அனுப்பச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

புதன்கிழமை போனார். கதவைத் திறந்தது குழந்தையின் அம்மாதான். பாதி உடம்பாகிப் போயிருந்தாள். அவரை அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"வாங்க மேடம். பின்னாலதான் அவர் மோட்டார் வயரைக் கழட்டிட்டு இருக்கார்."

குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த இலைகள். லிஃப்ட் மெக்கானிக் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். தலையசைத்தான். அவர் டேப்பை எடுத்து நீள அகலம் அளந்தார். அடித்தளத்தில் நாலு இடத்தில் உடைத்துத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் தேங்கும் என்று சொன்னார்.

"வேலியை இன்னைக்கே எடுத்துடலாமா மேடம்? என்னால பார்க்க முடியல."

"மண்ணு தரை மட்டத்துக்கு வர்ற வரைக்கும் வேலி இருக்கணும்மா. அதுதான் விதி."

"விதி" என்றாள் அவள். அது கேலியா, வெறும் களைப்பா என்று சொல்ல முடியவில்லை. கதவின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல மேடம். நீங்க ரெண்டு தடவை திருப்பி அனுப்பினப்ப நான்கூடத் திட்டினேன். எல்லாம் சரியாத்தான் பார்த்து எழுதியிருக்கீங்க. இந்தக் கதவு தானா மூடிக்கும். அவ மட்டும் செங்கல்லை வச்சு நிறுத்தாம இருந்திருந்தா எம் புள்ள இன்னைக்கு ஒண்ணாம் வகுப்பு முடிச்சிருக்கும்."

"யாரு?"

"என் தங்கச்சி. வேலை தேடிக்கிட்டு எங்க கூடத்தான் இருந்தா. அன்னைக்குக் கொடியில காய்ஞ்ச துண்டை எடுக்க வேலிக்குள்ள போயிருக்கா. ரெண்டு கையிலயும் துணி. கதவைத் தள்ளிக்கிட்டு வெளியில வந்தேன், திரும்பி வந்த கதவை இடுப்பாலயே தாங்கி லேசா விட்டேன், அது மூடிக்கும்னு விட்டுட்டேன்னு சாதிச்சா. தானா மூடுற கதவு எப்படித் திறந்து கிடக்கும்? பக்கத்துல அரைச் செங்கல் கிடந்துச்சு. போலீஸே கேட்டாங்க, கல்லை வச்சியாம்மான்னு. இல்லவே இல்லன்னு அழுதா. செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லியிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும் மேடம். பொய் சொன்னா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. உங்க பேப்பரை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி, இதுக்கு என்னடி சொல்றன்னு கேட்டேன். அன்னைக்கு வெளியில அனுப்பினவதான்."

லேசாக. இடுப்பால். விரலளவு திறந்து விட்டால் கொக்கியைத் தொட்டு நின்றுவிட்ட கதவு ஆய்வாளரின் கண்முன் வந்தது.

"நான் வந்துட்டுப் போன பிறகு இந்த ஸ்பிரிங்கை யாராவது வந்து இறுக்கினாங்களா?"

"இல்லையே. அதுக்கப்புறம் இதை யாரும் தொடவே இல்ல."

அவர் குனிந்து கீலைப் பார்த்தார். கதவு முழுக்கப் பச்சைப் பெயின்ட் கெட்டியாக இருந்தது. இறுக்கும் திருகின் தலையில் மட்டும் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிந்தது. நிமிர்ந்தபோது லிஃப்ட் மெக்கானிக் வயரைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு நாள்ல அனுமதி வந்துடும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கிளம்பினார்.

தெருமுனையில் ஒரு சலூன். அதன் நிழலில் நின்றார். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. வாயைத் திறந்தால் வேலை போகலாம், வழக்கு வரலாம், ஊர் சிரிக்கலாம். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. குளத்தை மூடியதும் அந்தக் கதவே பழைய இரும்போடு போய்விடும். கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்றே சொல்லிய வாய் ஒரே ஒரு தடவை ஆகட்டும் என்றது. அதுவும் ஆசையாகக் கேட்ட ஒரு குழந்தைக்காக. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சலூன்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "உட்காருங்கம்மா, முகம் வெளிறிப் போயிருக்கே" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து பஸ் நிலையத்துக்குத்தான் போவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தங்கை எங்கேயோ இருக்கிறாள். தன் டிக் ஒன்று அவளைப் பொய்க்காரியாக்கி வைத்திருக்கிறது. திரும்பி நடந்தார்.

கணவன் மனைவி இரண்டு பேரும் சமையலறையில் இருந்தார்கள். நின்றபடியே சொன்னார்.

"அம்மா, அன்னைக்கு அந்தக் கதவு சரியா மூடல. கொஞ்சமாத் திறந்து விட்டா கொக்கியில விழாம நின்னுச்சு. ரெண்டு தடவை பார்த்தேன். பார்த்துட்டுதான் கையெழுத்துப் போட்டேன். விசாரணையிலயும் சொல்லல. உங்க தங்கச்சி சொன்னது உண்மையாத்தான் இருக்கணும்."

அவளுக்கு உடனே ஏறவில்லை. "இல்ல மேடம். போலீஸ் பத்து தடவை பார்த்தாங்க. பத்து தடவையும் மூடுச்சு."

பாத்திரம் கழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அதைப் போய் இறுக்கி மூடினான். மூடிவிட்டுத் திரும்பாமலே சொன்னான்.

"நான்தான் இறுக்கினேன்."

"எப்ப?"

"அன்னைக்கு. ஆஸ்பத்திரியில பாப்பாவுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வரச் சொன்னாங்கல்ல. வந்தேன். துணியை எடுத்துட்டேன். பின்னால போய்க் கதவைக் கொஞ்சமாத் திறந்து விட்டுப் பார்த்தேன். மூடல. டூல் பாக்ஸ் அங்கேயேதான் இருந்துச்சு. ஒரே சுத்து. ஒரு நிமிஷம்கூட ஆகல. பத்தொன்பது நாளா நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளின வேலை." அவன் கை இன்னும் குழாயின் மேலேயே இருந்தது. "மறைக்கணும்னு செய்யல. செஞ்சு முடிச்சுடணும்னு தோணுச்சு, அவ்வளவுதான். என்ன செய்யறேன்னே தெரியல. மறுநாள் போலீஸ் வந்து கதவு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னப்ப, வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு நாளும் வரல."

அவள் அழவில்லை. கணவனைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவ என் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கதறினா. கல்லு வைக்கலக்கா, வைக்கலக்கான்னு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆய்வாளரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடலாமா, கூடாதா என்று தெரியவில்லை. தொடவில்லை. தன்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்திருந்தார். அவள் சொன்னது வேறு.

"நீங்க என்கூட வரணும். நான் தனியாப் போனா அவ என் மூஞ்சியைப் பார்க்க மாட்டா. பார்க்கவும் கூடாது."

வெள்ளிக்கிழமை அவளும் ஆய்வாளரும் தங்கையைப் பார்க்கப் பஸ்ஸில் போனார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். முந்தின நாளே ஆய்வாளர் மூன்று பக்கத்தில் வாக்குமூலம் எழுதி மேலதிகாரியின் கையில் கொடுத்திருந்தார். அதிகாரி படித்துவிட்டு, "இதை நான் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கலாமே, முடிஞ்சு போன கேஸ்தான மேடம்" என்றார். "முடியல சார்" என்று சொல்லி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். பஸ்ஸில் பாதி வழியில் அவள் ஒரு தடவை, "அவளுக்கு நான்தான் தலை பின்னி விடுவேன். கல்யாணம் ஆகி வர்ற வரைக்கும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டித் தீட்டும் பின்னறை. அக்காவைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். கையில் ஈரமான தூள் அப்பியிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், அதற்குமேல் தெரிந்தாள்.

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்ல" என்றாள் அக்கா. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. ஆய்வாளர்தான் எல்லாவற்றையும் சொன்னார். தான் யார், என்ன பார்த்தார், என்ன எழுதினார், ஸ்பிரிங்கை எப்போது யார் இறுக்கியது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. தங்கை ஒரு துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி கேட்டாள். முடித்ததும், "மறுபடி சொல்லுங்க. கொஞ்சமாத் திறந்து விட்டா மூடாதா?" என்றாள்.

"மூடாது. அப்படியே நின்னுடும்."

"அப்ப நான் கல்லு வைக்கலியா?"

"என்னடி கேக்கற? வைக்கலன்னு நீதான சொன்னே" என்றாள் அக்கா.

"சொன்னேன். அப்ப நிச்சயமாத் தெரிஞ்சுது. அப்புறம் நீங்க எல்லாரும் நீதான் வச்சே, நீதான் வச்சேன்னு சொன்னீங்க. பேப்பர்லயும் கதவு மூடும்னு போட்டிருக்கு. ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சு, ஒரு நாள் எனக்கே ஞாபகம் வந்துருச்சுக்கா. காலால கல்லைத் தள்ளினது. அது ஈரமா இருந்தது, ஒரு பக்கம் பாசி பிடிச்சிருந்தது, எல்லாம். இப்பவும் கண்ணை மூடினாத் தெரியுது." துணியை மேசையில் வைத்தாள். "நான்தான் கொன்னுட்டேன், பயந்துகிட்டு மறைக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உனக்கு லெட்டர்கூட எழுதி வச்சிருக்கேன், ஆமாக்கா, நான்தான் வச்சேன்னு. தபால்ல போடல."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். தங்கை விலக்கவில்லை, ஆனால் கைகளைத் தூக்கிப் பதிலுக்கு அணைக்கவும் இல்லை. கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. ஆய்வாளர் சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

முன்னறையிலிருந்து யாரோ, "அந்த மூணு மணி ஆர்டர் ரெடியா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"இதோ" என்றாள் தங்கை. அக்காவின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். "துணியெல்லாம் என்ன பண்ணே? பாப்பாவோடது."

"அப்படியே இருக்கு. வாடி வீட்டுக்கு. இன்னைக்கே வா."

"வரேன். ஒரு நாள் வரேன். இப்பக் கூப்பிடாதக்கா." பிறகு ஆய்வாளரைப் பார்த்தாள். "நீங்க வந்து சொன்னதுக்கு நல்லா இருங்கன்னு சொல்லணும். சொல்ல வரல."

"வேண்டாம்மா" என்றார் அவர்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் இருவரும் கடையை விட்டு இறங்கினார்கள்.

அடுத்த மாதம் ஆய்வாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. லிஃப்ட் மெக்கானிக் தானே போய் வாக்குமூலம் கொடுத்தான். மனைவி அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாள் என்று அவனே ஒரு நாள் நீதிமன்ற வராண்டாவில் ஆய்வாளரிடம் சொன்னான். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. குளம் எட்டு லோடு மண்ணை விழுங்கியது என்றும் சொன்னான்.

மழைக்காலம் முடியும்போது ஒரு நாள் குழந்தையின் அம்மாவிடமிருந்து ஆய்வாளருக்குப் போன் வந்தது. தங்கை வந்துவிட்டுப் போனாளாம். ஒரு மணி நேரம் இருந்தாளாம். வீட்டுக்குப் பின்பக்கம் போகவில்லை. குழந்தையின் அலமாரியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தது மடித்தபடியே திரும்ப வைத்தாளாம்.

"ஒரு சட்டையில பட்டன் விட்டுப் போயிருந்துச்சு மேடம். ஊசி நூல் கேட்டா. தச்சு வச்சுட்டுப் போயிருக்கா."

"ம்" என்றார். அந்தப் பக்கம் அவளும் போனை வைக்காமல் இருந்தாள்.